விலங்குகள் சாலைக்கு அடியில் கடக்கக் கீழ்ப்பாதை இருந்தும் மான்கள் சாலையில் அடிபடுவது ஏன்?

கீழ்ப்பாதைப் பாலத்தின் அளவில் கை வைக்காதீர்கள், முதலில் விலங்குகளைப் பாதைக்குத் திருப்பும் சாலையோர வேலியைப் பாருங்கள். கீழ்ப்பாதை திறந்து ஒரு வருடம் ஆகியும் மான்கள் சாலையிலேயே அடிபடுகின்றன என்றால், பெரும்பாலும் வேலி நீளம் போதவில்லை. விலங்கு வேலியை ஒட்டியே நடந்து, அது முடிகிற இடத்தில் சாலைக்கு ஏறிவிடும். 5 கிலோமீட்டருக்குக் குறைந்த வேலிகளை அவ்வளவாக நம்ப முடியாது.

அடிபட்ட இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். வேலி முனைகளில் குவிந்திருந்தால் சரி, அதுதான் காரணம். அப்புறம் கீழ்ப்பாதை வாயில் மணல் பரப்பி, காலையில் குளம்புத் தடம் பாருங்கள். வாசல்வரை வந்து திரும்பியிருந்தால் கோளாறு உள்ளே: தேங்கிய தண்ணீர், அள்ளாமல் விட்ட ஜல்லி (இது அடிக்கடி நடக்கும்).

ஒரு வருடக் கணக்கை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம். கனடாவின் பான்ஃப் பூங்காவில் சில விலங்குகள் பாதைக்குப் பழகவே பல வருடங்கள் ஆனது.