வல்லநாடு போய்ச் சேராத புல்லட்

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பாவோட 1984 மாடல் புல்லட் 350, முறப்பநாட்டு வீட்டுத் தொழுவத்தில் பன்னிரண்டு வருஷம் சும்மா கிடந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. போன மாதம் மெக்கானிக் பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி ஓடவைத்தார். ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் வல்லநாடு போய்ச் சேருவதற்குள் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து உதைத்தால் மறுபடி ஓடுகிறது. நடுநடுவே கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதில் ஆயில் என்ற வார்த்தையே இல்லை. அதுதான் எனக்குப் பயம். முழங்கால் அளவு தண்ணீர் என்றால் என்ஜினின் அடிப்பாகம், கியர்பாக்ஸ், கிளட்ச் கேஸ் மூன்றுமே முங்கியிருக்கும். மூன்றில் உள்ளதையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. இடப்பக்கம் கிளட்ச் கேஸ் மூடிக்கு நடுவில் ஒரே ஒரு நட்டுதான், நீங்களே கழற்றிவிடலாம். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரும் அதற்குள்தான் இருக்கிறது. வண்டல் இருந்தால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். என்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஆயில் போதும். விலை உயர்ந்தது வேண்டாம், எப்படியும் சீக்கிரம் மாற்றப்போகிறீர்கள்.

இனி, வழியில் நிற்கும் விஷயம். ஓடி, நின்று, ஆறினதும் மறுபடி ஓடுகிறது என்றால் எனக்கு இரண்டு பேர் மேல்தான் சந்தேகம்.

முதல் ஆள் பெட்ரோல் டேங்க் மூடி. அதில் காற்று போக ஊசிமுனை அளவு ஓட்டை உண்டு. அது அடைத்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடமாகி, பெட்ரோல் இறங்காது. வண்டி நின்ற இடத்திலேயே மூடியைத் திறங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் கதை முடிந்தது. என் முதல் வண்டியில் இதே கோளாறுக்கு மூன்று நாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால் மூடி ஓட்டையில் குளவி மண் வைத்திருந்தது. தொழுவத்தில் கிடந்த வண்டி என்றீர்களே, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மூடியைத் திறந்தும் பலனில்லை என்றால் இரண்டாம் ஆள், கன்டென்சர். பாயின்ட் என்பது பிளக்கில் பொறி வர மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்; அதில் வீணாகப் பொறி தெறிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கன்டென்சர். ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும், சூடேறினால் கைவிரிக்கும். சாயங்காலம் இருட்டினதும், சூடான என்ஜின் ஓடும்போதே பாயின்ட் மூடியை எடுத்துப் பாருங்கள். பாயின்ட்டில் சின்னதாக மினுங்கினால் சரி. வெல்டிங் பட்டறை மாதிரி பளிச் பளிச்சென்று தெறித்தால் கன்டென்சரை மாற்றுங்கள். பன்னிரண்டு வருஷம் கிடந்த பாயின்ட் முகத்தில் பாசி மாதிரி படிந்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பேட்டரியும் நன்றாக இருக்கவேண்டும். இந்த வண்டியில் பொறியே அதை நம்பித்தான்.

தும்மல் வேறு கேஸ். பெட்ரோல் குறைவாக, காற்று அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டையான பைலட் ஜெட் அடைத்திருக்கும். ஊசி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். மெல்லிய வயரிலிருந்து ஒரு செம்பு இழை எடுத்து விடுங்கள். கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிவு இருந்தாலும் தும்மும். ஐட்லிங்கில் ஓடவிட்டு அந்த இடுக்கில் பிரஷ்ஷால் ஆயில் தடவுங்கள்; சத்தம் மாறினால் கேஸ்கெட் போய்விட்டது.

ஆனால் டேங்கில் துரு இருக்கும்வரை ஜெட்டைச் சுத்தம் செய்வது, கிணற்றைத் தூர்வாராமல் வாளியைக் கழுவுகிற கதை. டேங்க்கைக் கழற்றி, பெட்ரோல் வாடை போகக் கழுவி, ஒரு கை நட்டு போல்ட்டும் வெள்ளை வினிகரும் ஊற்றிக் குலுக்கி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். போட்ட நட்டை எண்ணி வையுங்கள், வெளியே எடுக்கும்போது கணக்கு வேண்டும். பிறகு ஆப்பசோடா தண்ணீரில் அலசி, அன்றைக்கே வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு பூக்கும். நம்மூர் வெயிலில் இரண்டு மணி நேரம் தாராளம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் டியூப்பையும் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பில் உள்ள கார்க்கையும் தின்றுவிடும். இரண்டையும் புதிதாகப் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கைக் காலிசெய்துவிடுங்கள்.

உதைக்கும் முறை அப்பாவுக்குத் தெரியும், கேளுங்கள். சாவியைப் போட்டு மெதுவாகக் கிக்கரை அமுக்கும்போது ஹெட்லைட் மேல் உள்ள, மின்னோட்டம் காட்டும் ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்குத் திரும்பும். அங்கே, என்ஜினுக்குள் உள்ள அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கி, விட்டுவிட்டு, முழுக்க ஒரே உதை. அந்தப் பக்குவம் தெரியாமல் உதைத்தால் கணுக்காலுக்குத்தான் கேடு.

ஐந்து பத்து கிலோமீட்டராக ஓட்டிப் பழக்குங்கள். சக்கர பேரிங்கும் பிரேக் ஷூவும் வெள்ளத்தில் நின்றவை, வல்லநாடு தாண்டுமுன் கழற்றிப் பார்த்துவிடுங்கள். 200 கிலோமீட்டர் ஆனதும் புது ஆயிலை வடித்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மினுங்கும் தூள் தெரிந்தால் வண்டியை நிறுத்தி, எனக்கு மறுபடி எழுதுங்கள்.