அபின் செடி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

அபின் செடி பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'இது நல்லதா கெட்டதா' என்ற ரகம். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அந்தச் செடியின் காயில் கசியும் பாலுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வேலை செய்யும் பல மூலக்கூறுகள் இருக்கின்றன. எந்த மூலக்கூறு என்று கேட்டால்தான் பேச முடியும். அப்படிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கசகசாவும் அபினும் ஒரே செடியா? கசகசா சாப்பிட்டால் போதை ஏறுமா?

ஒரே செடிதான். பூ இதழ்கள் உதிர்ந்த பிறகு பச்சையாக நிற்கும் காயைக் கவனியுங்கள். அதன் சுவருக்குள் மெல்லிய குழாய்கள் பின்னலாக ஓடுகின்றன, பால் இருப்பது அவற்றில். காயைக் கீறினால் வெள்ளையாகக் கசிந்து, காற்றுப் பட்டதும் பழுப்பாகிப் பிசுபிசுவென்று கெட்டியாகும் அதுதான் அபின். விதைக்குள் இந்தக் குழாய்களே கிடையாது. ஆனால் அறுவடையின்போது பாலும் காய்த் தூளும் விதையின் மேல் ஒட்டிக்கொள்ளும். கழுவிச் சூடாக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடுவதால் சமையலில் சேர்க்கும் அளவுக்குப் போதை ஏறாது. சிறுநீர்ப் பரிசோதனையில் மட்டும் மார்ஃபின், அதாவது அந்தப் பாலில் இருக்கும் வலி போக்கும் மூலக்கூறு, தெரியலாம். இப்படி அப்பாவிகள் மாட்டிக்கொண்டதால்தான் அமெரிக்காவில் ஊழியர் பரிசோதனைக்கான வரம்பை 1998-ல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தினார்கள். கழுவாத விதையை மொத்தமாக ஊறவைத்துக் குடிப்பது வேறு கதை, அதில் உயிர் போயிருக்கிறது, தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.

மார்ஃபினை முதலில் பிரித்தெடுத்தது யார்?

ஃப்ரெட்ரிக் செர்ட்யூர்னர். ஜெர்மனியில் பாடர்போர்ன் ஊரில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக இருந்த இளைஞர், 1805 வாக்கில் அதைச் செய்தார். ஒரு அபின் கட்டி போல இன்னொன்று இருக்காது, ஒரே அளவு கொடுத்தாலும் ஒருவருக்கு வலி போகாது, இன்னொருவர் கண் திறக்கமாட்டார். இதற்கு விடை தேடித்தான் அவர் இறங்கினார். ஒரு செடியின் மருந்துக் குணத்தை ஒரு தனிப் பொருளாகப் பிரித்து எடைபோட்டுக் கொடுக்கலாம் என்ற எண்ணமே அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

கோடீன் மாத்திரை என் தோழிக்கு நன்றாக வேலை செய்கிறது, எனக்குச் சுத்தமாக இல்லை. மனப்பிரமையா?

பிரமை இல்லை, பெரும்பாலும் உங்கள் கல்லீரல். அதே பாலில் இருக்கும் இன்னொரு மூலக்கூறான கோடீனுக்கென்று தனியாகப் பெரிய வலி நிவாரணச் சக்தி கிடையாது. கல்லீரலில் உள்ள சிஒய்பி2டி6 என்ற நொதி அதில் ஒரு சிறு பங்கை மார்ஃபினாக மாற்றுகிறது, வலியைக் குறைப்பது பெரும்பாலும் அந்தப் பங்குதான். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்யாது, அவர்கள் எத்தனை மாத்திரை போட்டாலும் மலச்சிக்கல்தான் மிச்சம். வேறு சிலருக்கு அந்த மரபணு கூடுதல் பிரதிகளாக இருக்கும், அவர்கள் உடலில் சாதாரண அளவு கோடீன்கூட மளமளவென்று மார்ஃபினாகிவிடும். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இப்படி இறந்தார்கள். அதனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் கடும் எச்சரிக்கை விடுத்து, 2017-ல் 12 வயதுக்குக் கீழ் கோடீன் கூடவே கூடாது என்றது. எனவே, வேலை செய்யவில்லை என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி மருந்தையே மாற்றுங்கள்.

வலியைக் குறைக்கிற மருந்து ஏன் மூச்சையும் நிறுத்துகிறது?

ஏனென்றால் மார்ஃபின் சாவிபோல் போய் உட்காரும் மியூ ஏற்பிகள் (நரம்பு செல்களின் மேல் உள்ள பூட்டு போன்ற புரதங்கள்) வலிப் பாதையில் மட்டுமல்ல, மூச்சின் தாளத்தை நடத்தும் மூளைத் தண்டிலும் இருக்கின்றன. இந்த ஏற்பிகள் இருப்பதை 1973-ல் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் உட்பட மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. சரி, ஒரு செடியின் பாலுக்காகவா நம் மூளை பூட்டு செய்து வைத்திருக்கும்? 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் மூளையே சுரக்கும் என்கெஃபாலின்களைக் கண்டுபிடித்தபோது விடை கிடைத்தது: அந்த ஏற்பிகள் அவற்றுக்கானவை. அளவு மீறி மூச்சு தடுமாறுபவரை மீட்கும் நலாக்ஸோன், மார்ஃபினை அந்த ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த நலாக்ஸோனைத் தயாரிக்க அடிப்படைப் பொருளும் இதே செடியிலிருந்து வரும் தீபெயின் என்ற இன்னொரு மூலக்கூறுதான். எனக்கு இந்தச் செடியின் மேல் இத்தனை மதிப்பு இருக்க இது ஒன்றே போதும்.

மார்ஃபினே இல்லாத அபின் செடி இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் வளர்க்கிறார்கள். செடி தீபெயினைப் படிப்படியாக மார்ஃபினாக மாற்றும் பாதை மரபணு மாற்றத்தால் அடைபட்டு, தீபெயின் அப்படியே தேங்கிவிடுகிறது. அந்தச் செடியைப் பற்றிய ஆய்வு 2004-ல் நேச்சர் இதழில் வந்தது.

நாஸ்கபைன் இருமல் மருந்து அடிமையாக்குமா? புற்றுநோயைத் தீர்க்குமா?

நாஸ்கபைனும் இதே பாலில் இருக்கும் மூலக்கூறுதான், ஆனால் அடிமையாக்காது, அது மியூ ஏற்பியைத் தொடுவதில்லை. புற்றுநோய் விஷயத்தில், செல் பிரியும்போது உதவும் நுண்குழல்களை அது தடுமாறவைப்பது ஆய்வகத்தில் உறுதியாகியிருக்கிறது, அவ்வளவுதான். சிகிச்சையை நிறுத்திவிட்டு இருமல் மருந்தை நம்பாதீர்கள்.

ஈஸ்ட்டில் மார்ஃபின் வகை மருந்து செய்துவிட்டார்களே, இனி செடி எதற்கு?

2015-ல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா ஸ்மோல்கேயின் குழு ஈஸ்ட்டுக்குள் 20-க்கும் மேற்பட்ட மரபணுக்களைச் சேர்த்து, சர்க்கரையிலிருந்து தீபெயினும் ஹைட்ரோகோடோன் என்ற வலி மருந்தும் செய்தது உண்மை. ஆனால் ஒரே ஒரு வேளை மருந்துக்கு 16,000 லிட்டருக்கும் மேல் ஈஸ்ட் கரைசல் தேவைப்பட்டிருக்கும். செடியோ இதை ஒரு காய்க்குள் முடிக்கிறது. 2018-ல் வெளியான அதன் முழு மரபணு வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியும்: சுமார் 78 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொத்த மரபணுத் தொகுதியும் இரட்டிப்பாகியிருக்கிறது, இரண்டு மரபணுக்கள் ஒட்டி ஒன்றாகி மார்ஃபினுக்கு வழி திறந்திருக்கிறது, மார்ஃபின் பாதையிலும் நாஸ்கபைன் பாதையிலும் வேலை செய்யும் 15 மரபணுக்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வரிசையாக நிற்கின்றன. ஸ்மோல்கே குழு 2018-ல் ஈஸ்ட்டில் நாஸ்கபைனையும் செய்துகாட்டி, விளைச்சலைப் பல மடங்கு கூட்டியது. அப்போதும் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான்.