வாத பித்த கபமும் இன்சுலின் ஊசியும்

கேள்வி: வாதம், பித்தம், கபம் மூன்றும் சமமாக இருந்தால் நோயில்லை என்கிறது ஆயுர்வேதம். உடல் தன் சமநிலையைக் காத்துக்கொள்கிறது என்று இன்றைய அறிவியலும் சொல்கிறது. இரண்டும் ஒன்றுதானே? என் அக்கா மகளுக்குப் பத்து வயதில் டைப் 1 சர்க்கரை நோய். கபத்தைச் சரிசெய்தால் ஊசியே வேண்டாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஊசியை ஒரு வேளைகூட நிறுத்த விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. ஊசி நின்றால், உடல் சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும். ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் கண்ட குழந்தைகள் எந்த நாட்டிலும், எந்த வைத்தியத்திலும் நெடுநாள் பிழைத்ததில்லை.

இனி முதல் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. 1926இல் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயரிட்ட சமநிலையை அளந்து பார்க்கலாம். ரத்தத்தின் பி.எச். அளவு, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்க வேண்டும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை நிறுத்தி வைக்கின்றன. கடலூரில் அளந்தாலும் கனடாவில் அளந்தாலும் கணக்கு ஒன்றுதான். கபம் எவ்வளவு இருந்தால் சரி? ஒரே நாடியைப் பிடித்து இரண்டு வைத்தியர்கள் வெவ்வேறு தோஷம் சொன்னால், யார் சொன்னது தவறு என்று எப்படிக் காட்டுவது?

நம் முன்னோர் கூர்ந்து கவனித்தவர்கள். உணவு, உறக்கம், பருவம் பற்றி அவர்கள் எழுதியதில் மதிக்க வேண்டியது நிறைய உண்டு. சர்ப்பகந்தி வேரையே பாருங்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, கண்டதை 1949இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்ற இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருள் பிரிக்கப்பட்டது. நரம்பு முனைகளில், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் இருப்பைக் குறைப்பதால் அது வேலை செய்கிறது என்று பின்னர் தெரிந்தது. அந்த வேர் சோதனைக்கு நின்றது, ஜெயித்தது. கபத்தைச் சரிசெய்தால் டைப் 1 போகும் என்பவர்கள் அப்படி ஒரு சோதனையைக் காட்டட்டும். அதுவரை ஒரு குழந்தையின் உடம்பில் பரீட்சை வேண்டாம்.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, கோரிமேடு ஜிப்மரோ, எங்கே காட்டினாலும் விடாமல் காட்டுங்கள். வைத்தியர் பத்தியம் ஏதாவது சொன்னால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சாப்பாடு மாறினால் ஊசியின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.