மெல்லக் கற்கும் பிள்ளைகள்: டீச்சரிடம் கேட்டவை

நடுநிலைப் பள்ளி ஆசிரியையாகவும், பின்னர் அந்தந்த வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உதவியும் தரும் வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியை: புதிதாக எதைச் சொன்னாலும் "இன்னொரு பதிவேடா?" என்கிறார் உடன் ஆசிரியை. எங்கே தொடங்குவது டீச்சர்?

அவர் கேட்பது நியாயம்தான் அம்மா. முதல் வாரம் பதிவேடே வேண்டாம். 3, 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு குட்டிக் கதை என்று வாசிக்கச் சொல்லுங்கள். பாடநூலில் உள்ள பத்தியைக் கொடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் பாடம் முழுவதையும் விரலை ஓட்டிக்கொண்டே கடகடவென்று வாசித்தான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னப்பா?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அந்தச் சொல்லை எட்டிப் பிடித்தான். அத்தனையும் மனப்பாடம். பாதி எழுத்துகள் அவனுக்குத் தெரியவில்லை.

நிலை தெரிந்ததும், தினம் ஒரு மணி நேரம் வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் நிலைப்படி பிரித்து உட்கார வையுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் செய்து காட்டிய முறை இது. ஏற்கெனவே பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்தும் உங்களுக்கு இது சுமையாக இருக்காது.

ஒரு தாய்: என் மகள் மூன்றாம் வகுப்பு. "அரும்பு" குழுவிலேயே இருக்கிறாள். மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

கொரோனா விடுமுறையில் விழுந்த இடைவெளியை ஈடுகட்ட 2022-இல் வந்தது தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம். அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அரும்பு மொட்டாக வேண்டும், மொட்டு மலர வேண்டும். பிள்ளை அங்கேயே நிற்பதற்கு வைத்த பெயர் இல்லை அது. மகளைக் கடைசியாக எப்போது மதிப்பிட்டார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மாதக்கணக்கில் குழு மாறவில்லை என்றால், தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் தயங்காமல் பேசுங்கள். ஒரு பிள்ளையைக் குழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை எந்த ஆசிரியர் செய்தாலும் நான் தவறு என்றே சொல்வேன்.

கணித ஆசிரியர்: ஏழாம் வகுப்பில் கழித்தலே வரவில்லை. பாடத்தையும் முடிக்க வேண்டுமே?

42-இல் 17 போனால் 35 என்று எழுதுகிறார்களா சார்? ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "7-இல் 2 போனால் 5, 4-இல் 1 போனால் 3" என்பார்கள். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் அவர்கள் பிடித்து வைத்திருக்கும் விதி. அதைச் சிவப்பு மையால் சுழித்து விடுவதால் அந்த விதி மாறாது. பத்துப் பத்தாக ஈர்க்குச்சிகளைக் கட்டிக் கொடுங்கள். நாலு கட்டு, இரண்டு உதிரி. அதிலிருந்து 17 எடுக்கச் சொன்னால், ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்க்கும் அந்தக் கைதான் "கடன் வாங்குதல்" என்பதைப் புரிந்துகொள்கிறது. தினம் முதல் 15 நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். கழித்தல் வராத பிள்ளைக்கு இயற்கணிதம் நடத்துவதைப் பாடம் முடித்ததாகக் கணக்கில் வைக்க முடியாது.

ஒரு தந்தை: ஃபெயில் ஆக்கினால்தானே படிப்பார்கள்?

இல்லை ஐயா. புரியாத அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருடம் கேட்பார்கள், அவ்வளவுதான். 5, 8-ஆம் வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வைத் தமிழக அரசு 2020-இல் திரும்பப் பெற்றபோது நான் நிம்மதியடைந்தேன்.

ஓர் ஆசிரியை: வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், எழுத்தில் தடுமாறுகிறான். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்பு, எழுத்துக் குறைபாடா?

நாமே முடிவு கட்ட வேண்டாம் அம்மா. முதலில் கண், காது பரிசோதனை. பிறகு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்கிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்.

புதிய ஆசிரியப் பயிற்றுநர்: நான் வகுப்புக்குள் நுழைந்தாலே ஆசிரியர்கள் இறுகிப் போகிறார்கள்.

பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தபோது, நானும் அந்தப் படிகளைக் காட்டும் கற்றல் ஏணியைப் பார்த்து அட்டைகளை எண்ணினேன். பிள்ளை வாசிப்பதைக் கேட்கவில்லை. அந்தத் தவறு இன்றும் உறுத்துகிறது. நீங்கள் போனதும் சாக்பீஸை வாங்கி, திணறும் குழுவுக்கு அரை மணி நேரம் நீங்களே நடத்துங்கள் தம்பி. ஆசிரியர் பார்க்கட்டும். உங்களுக்கும் வராமல் போனால் இருவருமாக உட்கார்ந்து யோசியுங்கள். அடுத்த மாதம் அதே வகுப்புக்குப் போய், அதே மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.