பதின்ம வயது மாணவர்களுக்குக் கோதிக் சிறுகதைகளின் களத்தையும் உணர்வையும் எப்படிக் கற்றுத்தருவது?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கோதிக் என்றால் பழைய வீடும் மர்மமும் சூழ, மெல்ல மெல்ல அச்சத்தைக் கிளப்பும் கதை வகை. முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கரும்பலகையில் ஒரு பட்டியல் போட்டேன்: பாழடைந்த கோட்டை, புயல், வௌவால், மெழுகுவத்தி, கிறீச்சிடும் கதவு. "இதெல்லாம் இருந்தா அது கோதிக்" என்றேன். அடுத்த வாரம் 35 கதைகள் வந்தன. 35-இலும் வௌவால். ஒன்றுகூடப் பயமுறுத்தவில்லை. சிலவற்றை வாசித்தபோது வகுப்பே சிரித்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மளிகைச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு விருந்து எங்கே என்று கேட்டது நான்தான்.

இப்போது பட்டியலே போடுவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய 'தி ஃபால் ஆஃப் த ஹவுஸ் ஆஃப் அஷர்' (அஷர் வீட்டின் வீழ்ச்சி) கதையின் முதல் வாக்கியத்தை வைத்தே ஒரு பீரியட் ஓடிவிடும். ஆங்கிலத்தில் 60 சொற்கள். இலையுதிர் காலம், சத்தமே இல்லாத மங்கிய பகல், தாழத் தொங்கும் மேகம், ஆளற்ற வெளியில் குதிரைமேல் ஒற்றை ஆள், சாயும் பொழுது. இத்தனையும் கடந்து கடைசிச் சொல்லாகத்தான் 'அஷர்' வருகிறது. சத்தமாக வாசிக்கச் சொல்வேன். மூச்சு முட்டும். முட்டட்டும், நாள் முழுக்கத் தனியே சவாரி செய்தவனின் அலுப்பு அப்படித்தான் பிடிபடும்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. "மேகம் தாழத் தொங்குது" என்றதுமே கடைசி பெஞ்சிலிருந்து, "அப்போ நாளைக்கு லீவா மிஸ்?" நியாயமான கேள்விதான். நமக்குக் கருமேகம் கண்டால் மனசு குளிரும். முல்லைத் திணையின் கார்காலம், பிரிந்து போன தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன காலம். போவின் மேகம் வேறு ஊர் மேகம்: பகல் நாளுக்கு நாள் குறுகி, மரங்கள் மொட்டையாகி, குளிர்காலம் வாசலில் வந்து நிற்கிற ஊர். இதைச் சொல்லாமல் அருஞ்சொற்பொருள் மட்டும் எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

திணையைத் தொட்டதில் இன்னொரு லாபம். செட்டிங்குக்கும் (களம்) மூடுக்கும் (உணர்வு) என்ன வித்தியாசம் என்று நான் அரைமணி நேரம் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே எழும் உணர்வு உரிப்பொருள் என்றதும் இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. தமிழ் ஐயாவைக் கேட்காமல் கடன் வாங்கியதுதான்.

அடுத்து, அதே கதையில் வரும் குளம். வீட்டைப் பார்த்த உடனே கதைசொல்லியின் மனசு கனத்துப்போகிறது, ஏனென்று தெரியவில்லை. இதே பொருள்கள் வேறு மாதிரி அமைந்திருந்தால் இந்தக் கனம் குறையுமோ என்று யோசித்து, குதிரையைக் கரிய குளத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய், நீரில் தலைகீழாகத் தெரியும் வீட்டைப் பார்க்கிறான். முன்னைவிட அதிகமாக நடுங்குகிறான். போவே நமக்காக வகுப்பெடுத்து வைத்திருக்கிறார்! பிள்ளைகளையும் அதையே செய்யச் சொல்வேன். ஒரு பொருளை எடுத்துவிட்டு வாசி. வேறொன்றை வைத்து வாசி. வெயில் அடிக்கட்டும், எங்கோ ஒரு நாய் குரைக்கட்டும். எங்கே கனம் இறங்குகிறது? ஒரு பையன், "மேகம் போனாலும் பரவாயில்ல மிஸ், சத்தம் வந்தாதான் பயம் போயிடுது" என்றான். இதை நான் சொல்லியிருந்தால் நோட்டில் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

பிறகு வீட்டையும் அதில் வாழ்பவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டின் ஜன்னல்கள் வெறித்த கண்கள் மாதிரி. இறவாரத்தில் வலைப்பின்னலாகப் பூஞ்சை தொங்குகிறது. சில பக்கம் தள்ளி வரும் ராடரிக் அஷரின் தலைமுடி சிலந்தி இழையைவிட மெல்லியது. கூரையிலிருந்து குளம்வரை ஒரு மெல்லிய விரிசல் கோணல்மாணலாக இறங்குவதைப் போ ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார், நான் மட்டும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கடைசியில் அந்த விரிசல் வழியே ரத்தச் சிவப்பில் நிலவு தெரிந்து வீடே குளத்துக்குள் போகும்போது, யாராவது ஒருத்தர் விறுவிறுவென்று முதல் பக்கத்துக்குப் புரட்டுவார்கள். அதற்காகத்தான் காத்திருப்பேன்.

எட்டாம் வகுப்பு என்றால் போ வேண்டாம், ஆங்கிலம் கடினம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'த மங்கீஸ் பா' (குரங்கின் கை, 1902) போதும். வெளியே மழை, குளிர். உள்ளே கணப்பு எரிய, அப்பாவும் மகனும் செஸ் ஆடுகிறார்கள். அதே வீடு கதை முடியும்போது எப்படி ஆகிவிட்டது என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. அந்தக் குரங்குக் கைக்கு மந்திரம் போட்டவர் இந்தியப் பக்கிரி என்று கதையில் வரும். அதற்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் சண்டைக்கே வருவார்கள்.

கடைசியாக எழுதச் சொல்வேன். பேய், ரத்தம், இருட்டு, பயம் என்ற நான்கு சொல்லும் வரக்கூடாது. நேரம் பகல் பன்னிரண்டு மணி. முதலில் முனகுவார்கள். உச்சி வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று உங்க பாட்டி சொன்னதில்லையா, பாலைக்கும் நண்பகல்தானே பொழுது என்றதும் பேனாவை எடுப்பார்கள்.

போன வருஷம் ஒரு பெண் ஆறே வரி எழுதினாள். சாப்பிட்டுவிட்டு வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். ஃபேன் சுற்றுகிறது. பக்கத்து வீட்டில் குக்கர் ஒரு விசில் விடுகிறது. இன்னொன்று. மூன்றாவதுக்காக இவள் காத்திருக்கிறாள். கடைசி வரி: அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போய் நாலு நாள் ஆகிறது.

எத்தனை மார்க் போட்டேன் என்று கேட்காதீர்கள். ஆறு வரியில் ஏழு எழுத்துப்பிழை, ஒன்றைக்கூட வட்டம் போட மனசு வரவில்லை.