“ரத்தம் எட்டுதான் இருக்கிறது”

கேள்வி: என் மருமகளுக்கு இது ஏழாம் மாதம். ரத்தம் 8.2 தான் இருக்கிறது, பிரசவத்திற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்கிறார் கிராம சுகாதார செவிலியர். மூத்த பிள்ளை எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சுகமாகப் பிறந்தது. சத்து மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு, குழந்தையும் கறுப்பாகப் பிறக்குமோ என்று பயந்து மருமகள் அதை நிறுத்திவிட்டாள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: செவிலியர் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. அவருடைய கவலையெல்லாம் குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்த பிறகு வரும் முதல் சில மணி நேரத்தைப் பற்றியது. 100 மில்லி ரத்தத்தில் 11 கிராமாவது ஹீமோகுளோபின் இருக்க வேண்டிய கர்ப்பிணிக்கு 8.2 மட்டுமே இருக்கும்போது, கருப்பை சரிவரச் சுருங்காமல் உதிரம் போனால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அரை லிட்டர் இழப்பே உயிருக்கு ஆபத்தாகிவிடக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த வங்கி கிடையாது; 108 வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், வழியில் கழியும் நேரம் அவளுக்குக் கிடைக்கும் நேரத்தில் குறைந்துவிடும். அதனால்தான் ரத்தம் ஏற்றவும் அறுவை செய்யவும் இரவிலும் ஆள் இருக்கும் சீமாங் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை) மையத்திற்குப் போகச் சொல்கிறார்கள். முதல் பிரசவம் சுகமாக முடிந்ததை இதற்கு உத்தரவாதமாகக் கொள்ள முடியாது; அதில் செலவான இரும்புச் சத்தே இன்னும் ஈடாகாமல் இருக்கலாம்.

உடல் ஏற்காத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது. குழந்தையின் நிறத்திற்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை (கறுப்பாகப் பிறந்தால்தான் என்ன குறை என்பது வேறு கேள்வி). குமட்டல் இருந்தால், இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து விழுங்கச் சொல்லுங்கள். டீ, காபியோடு சேர்த்தால் பலன் பெரிதும் குறைந்துவிடும். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு மாற்றுங்கள். எலுமிச்சைச் சாறோ கொய்யாப் பழமோ உடன் இருந்தால் நல்லது.

மாத்திரையால் மட்டும் மாதத்திற்குச் சுமார் 1 கிராம்தான் ஏறும் என்பதாலும், நாள் குறைவு என்பதாலும், அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச் சத்து மருந்தைச் சலைனில் கலந்து ஏற்றலாமா என்று, மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் பரிசோதனையில் மருத்துவரிடமே கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, துளி உதிரம் பட்டாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள். ரத்த வங்கியில் ஈடாக ரத்தம் கொடுக்க இரண்டு பேரை இப்போதே பேசி வைக்கும்படி உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.