30ல செத்தவன் யாரு?

அன்புள்ள ஐயா, கொந்தகைல முதுமக்கள் தாழி பாத்துட்டு வந்தோம். கூட வந்தவர் ஆதி மனுசனோட சராசரி ஆயுளே 30தான், 30லயே கெழவனாயி செத்துருவான்னார். அப்ப நம்ம முன்னோர்க கம்பு கேப்பை சாப்ட்டு நூறு வயசு இருந்தாகங்குறது பொய்யா? இதப்பத்தி என்ன படிக்கலாம்? நான் பி.எஸ்சி. மேத்ஸ்.
ஒரு வாசகர், திருமங்கலம்

தம்பி,

கம்பு கேப்பைய விடுங்க, அது வாட்ஸப்புக்கு. கொந்தகை ஆளுக ஆதி மனுசனும் கெடையாது, பக்கத்துல கீழடில பானை ஓட்டுல ஆதன்னு பேரு கீறி வச்ச ஜனம். ஆனா இந்த 30 இருக்கே, அதத்தான் நானும் ஒரு வாரமா மண்டைக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன். மேத்ஸ் படிச்சுட்டு இதக் கேக்க வெக்கமா இல்லையா? பத்துப் புள்ளைல நாலு ஒரு வயசுல போயிருச்சு, மிச்ச ஆறும் 50 வரைக்கும் இருந்துச்சுன்னு வைங்க, சராசரி 30 சொச்சம். இதுல 30ல செத்தவன் யாரு, காட்டுங்க பாப்போம். 2007ல குர்வன், கப்ளான்னு ரெண்டு பேரு நம்ம காலத்து வேட்டை ஜனங்களோட கணக்க அலசி, வளந்து ஆளானவங்கள்ல அதிகம் பேரு சாகுறது 70ஐ ஒட்டித்தான்னு எழுதுனாங்க.

எலும்புல வயசு பாக்குறதும் லேசுப்பட்டதில்ல. சின்னதுகளுக்குப் பல்லு மொளச்ச கணக்கு இருக்கு, பெரியவங்களுக்கு இடுப்பெலும்புத் தேய்மானம் மாதிரி வச்சுத்தான், 50ஆ 70ஆன்னு தடுமாறணும். 1982ல ரெண்டு பிரெஞ்சு ஆய்வாளருங்க இந்தத் துறைக்கே டாட்டா சொல்லிக் கட்டுரை போட்டாங்க. அதவிட, பச்சப்புள்ள எலும்பு மெல்லிசு, மண்ணு சீக்கிரம் தின்னுரும், பல எடத்துல பெரியவங்க பக்கத்துல பொதைக்கிறதும் இல்ல.

மேலூர்ப் பக்கம் எங்க அப்பத்தா ஒம்போது பெத்துச்சு, நாலுதான் தங்குச்சு. பெரியவுகளுக்கு இடுகாடு, தங்காததுகளுக்குக் கண்மாய்க்கரை. நாய் நரி தோண்டிராம மேல கருவேல முள்ள வெட்டிப் போட்டுட்டு வந்துருவாக, கல்லு கெடையாது, கருமாதி கெடையாது. நாளைக்கு எவனாவது எங்க ஊரு இடுகாட்டத் தோண்டுனா நாலு பெத்து நாலும் பொழச்சுச்சுன்னு எழுதிட்டுப் போயிருவான். முன்னாடி மூணு வரிசையாப் போனதுனால எங்கப்பாவக் குப்பைல போட்டு எடுத்து, பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்து வாங்கி, பிச்சைன்னு பேரு வச்சாகளாம். காலேஜ் ஃபாரத்துல அந்தப் பேர எழுதக் கூசுன நாயி நான். அப்பத்தாகிட்ட எத்தன புள்ளைன்னு கேட்டா கட்டவெரல கணுக்கணுவா நகத்தி ஒம்போதும் தொடும். போனதுகளுக்குப் பேரு சொல்லாது, ‘இது கதிரறுப்பப்ப’, ‘இது கண்மாய் ஒடஞ்ச வருசம்’னு மட்டும் சொல்லும்.

என்ன படிக்கலாம்னு கேட்டிருந்தீங்கள்ல, லிஸ்ட்டத் தனியா மெயில் பண்றேன். அதுக்குள்ள கூட வந்தவருக்கு அந்தப் பத்துப் புள்ளைக் கணக்கப் போட்டுக் காட்டிருங்க.